கற்பலகை மலையின் கனி

நல்ல நிலத்துக்கு இலக்கணம் யாது என்று ஓர் உழவரைக் கேட்டால், மண் ஆழமாக இருத்தல் வேண்டும், ஈரம் நிற்றல் வேண்டும், ஏர் தடையின்றிச் செல்லுதல் வேண்டும் என்று மூன்று கூறுவார். ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், கட்டலோனியாவின் தென்பகுதியில், இம்மூன்றும் இல்லாத ஒரு மலைப்பகுதி உண்டு. பார்சலோனா நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. பிரியோராட் என்பது அதன் பெயர். அங்கே மண் என்று சொல்லத்தக்கது ஒரு மெல்லிய போர்வையே. அதன் கீழ் முழுவதும் கல். சரிவோ, நிற்பவர் கால் வழுக்கும் அளவுக்குச் செங்குத்தானது.

ஆயினும், உலகில் மிக உயர்ந்த விலைக்குப் போகும் திராட்சை மது வகைகளுள் சில இன்று இந்த மலையிலிருந்துதான் வருகின்றன. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இவ்வாறு இல்லை. அன்று இவ்வூர்களின் மது பெயரில்லாமல் பீப்பாயில் ஏறிச் சென்றது. இளைஞர் ஊரைவிட்டு வெளியேறினர். படிக்கட்டு வயல்கள் புதர் மண்டிக் கிடந்தன. நிலம் மாறவில்லை, மழையும் கூடவில்லை. அவ்வாறாயின் மாறியது எது? மது அருந்துவோர்க்கு மட்டுமன்றி அதைத் தொடாதோர்க்கும் இவ்வினா பயன் தருவது. ஓர் ஏழை நிலம் தன் பெயரை எவ்வாறு இழந்தது, பின் எவ்வாறு மீட்டது என்பதே இதில் அடங்கிய செய்தி.

ஏணி கண்ட மேய்ப்பன்

பிரியோராட் என்னும் சொல்லே ஒரு வரலாறு. கிறித்தவத் துறவிமடம் ஒன்றின் தலைவரைப் ‘பிரியோர்’ என்பர். அத்தலைவரின் ஆட்சிக்கு உட்பட்ட நிலம் பிரியோராட் ஆயிற்று. இங்கே மடம் அமைத்தவர்கள் கார்த்தூசியர் என்னும் துறவியர். பேச்சைக் குறைத்துத் தனித்தனி அறைகளில் தவம் இருப்பது அவர்கள் நெறி. ஆரகான் மன்னர் இரண்டாம் அல்போன்சோவின் ஆதரவில், மோன்ட்சாண்ட் மலையின் அடிவாரத்தில் 1194-ஆம் ஆண்டில் அவர்கள் மடம் நிறுவினர். அதற்கு ‘ஸ்காலா தேயி’ என்று இலத்தீன் மொழியில் பெயர் வைத்தனர். இறைவனின் ஏணி என்பது பொருள்.

அப்பெயருக்கு ஒரு கதை கூறுவர். அவ்விடத்தில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒருவன், ஒரு பைன் மரத்தின் உச்சியில் சாத்திய ஏணி வழியாக வானவர் விண்ணுக்கு ஏறுவதைக் கண்டானாம். கதை எவ்வாறாயினும், துறவியர் செய்த வேலை கண்ணுக்குத் தெரிவது. திராட்சைப் பயிரையும் மது வடிக்கும் முறையையும் அவர்கள் இம்மலையில் வேரூன்றச் செய்தனர். வழிபாட்டில் மது வேண்டும். மடத்துக்கு வருவாயும் வேண்டும். சுற்றியிருந்த பல ஊர்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மடத்தலைவரின் கீழ் இருந்தன. அவ்வூர் உழவர்கள் விளைச்சலில் ஒரு பங்கை மடத்துக்கு அளந்தனர்.

1835-இல் அவ்வாட்சி முடிந்தது. ஸ்பெயின் அரசின் அமைச்சராக இருந்த மென்டிசபால் மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டம் கொண்டு வந்தார். துறவியர் வெளியேறினர். மடம் கொள்ளையிடப்பட்டு எரிந்தது. நிலங்கள் ஏலத்தில் தனியார் கைக்குப் போயின. இன்று ஸ்காலா தேயி சென்று காண்போர் இடிந்த சுவர்களையும், சீரமைக்கப்பட்ட சில பகுதிகளையும் பார்க்கலாம். மடம் போயிற்று, மடம் கொடுத்த பெயரும், மடம் நட்ட பயிரும் நிலைத்தன.

கல்லுக்குள் ஈரம்

இம்மலையின் கல்லை ஊரார் ‘லிக்கொரெல்யா’ என்கின்றனர். அது சிலேட்டு இனத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கற்பலகை இவ்வினக் கல்லால் செய்யப்பட்டதே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீருக்கடியில் படிந்த சேறு, நிலத்தின் அழுத்தத்தால் இறுகி, ஏடு ஏடாகப் பிளக்கும் கல்லாயிற்று. கருமையும் செம்மையும் கலந்த அதன் நிறத்தினிடையே மின்னும் துகள்கள் வெயிலில் பளிச்சிடும்.

இக்கல்லின் ஏடுகள் பல இடங்களில் படுத்திராமல் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கின்றன. பயிருக்கு உயிர் தருவது இந்த அமைப்பே. ஆண்டுக்கு ஏறத்தாழ 400 முதல் 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இடம் இது. கோடையிலோ மழை மிக அரிது. பெய்த நீர் மேலே தங்காமல் ஏடுகளுக்கு இடையே உள்ள வெடிப்புகளில் இறங்குகிறது. திராட்சைக் கொடியின் வேரும் அந்நீரைத் தேடி அதே வெடிப்பில் இறங்குகிறது. மேல்மண்ணில் உணவு இல்லாமையால், வேர் பக்கவாட்டில் பரவிச் சோம்பியிருக்க வழியில்லை. பல மீட்டர் ஆழம் சென்றாலன்றிக் கொடி பிழைக்காது. சென்ற பின்போ, மேலே எல்லாம் காய்ந்து கிடக்கும் ஆகஸ்டு மாதத்திலும் அதற்குச் சிறிது ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இதன் விளைவு இரண்டு. முதலாவது, விளைச்சல் மிகக் குறைவு. வளமான சமவெளியில் ஒரு கொடி பல கிலோ பழம் தரும். இங்கே முதிர்ந்த கொடி ஒன்று ஒரு கிலோ பழம் தருவதே அரிது. இரண்டாவது, அச்சிறு விளைச்சலின் பழம் சிறிதாகவும் தோல் தடித்தும் சாறு செறிந்தும் இருக்கும். கருப்புத் திராட்சையின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலில் உள்ளவை. பழம் சிறிதானால் சாற்றை நோக்கத் தோலின் பங்கு மிகுதியாகும். ஆகவே மது அடர்ந்த நிறமும் அழுத்தமான சுவையும் பெறுகிறது. பகலில் கல் வெயிலை உள்வாங்குகிறது. இரவில் மலைக்காற்று குளிர்விக்கிறது. பகல் வெப்பம் இனிப்பைக் கூட்ட, இரவுக் குளிர்ச்சி புளிப்பைக் காக்கிறது.

இங்கே ஒரு பொதுக் கருத்தைத் திருத்துதல் நன்று. கல்லின் சுவையே மதுவில் ஏறிவிடுகிறது என்று விற்பனையாளர் பலர் கூறுவர். புவியியல் அறிஞர்கள் இதனை ஒப்புவதில்லை. வேர் நீரில் கரைந்த உப்புகளை மிகச் சிறிய அளவிலேயே உறிஞ்சுகிறது. கல் வேரின் வழியே பழத்துக்குள் செல்வதில்லை. கல் செய்யும் வேலை வேறு. எவ்வளவு நீர், எப்பொழுது, எவ்வளவு வெப்பம் என்பவற்றை அது வரையறுக்கிறது. பட்டினி போடாமலும் வயிறு நிறைக்காமலும் பயிரை வளர்க்கும் கண்டிப்பான வளர்ப்புத்தாய் என்று அக்கல்லைச் சொல்லலாம்.

இந்நிலத்துக்கு ஏற்றவை என்று காலம் தேர்ந்த திராட்சை இனங்கள் இரண்டு: கர்னாச்சா, கரின்யேனா. முன்னது வறட்சியைத் தாங்கும், இனிப்பு மிகும். பின்னது தாமதமாகப் பழுக்கும். புளிப்பும் நிறமும் மிகும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இரண்டையும் கலந்து வடிப்பது வழக்கமாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை ஒரு சிறு பூச்சி அழித்தது. பிலொக்சரா எனப்படும் அப்பூச்சி வட அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு கப்பலில் வந்தது. அது வேரைக் குடைந்து சாற்றை உறிஞ்சும். புண்பட்ட வேர் அழுக, சில ஆண்டுகளில் கொடி பட்டுப்போகும். பிரான்சில் தோட்டங்கள் வாடியதன் காரணம் இதுவே என்று 1868-இல் அறிஞர் கண்டனர்.

பிரான்சு இழந்தது முதலில் கட்டலோனியாவுக்கு ஊதியமாயிற்று. பிரெஞ்சு வணிகர் மதுவுக்காக மலை தாண்டி வந்தனர். விலை ஏறியது. பிரியோராட்டில் உச்சிவரை கொடி நடப்பட்டது. ஏறத்தாழ 5,000 ஹெக்டர், அதாவது 12,000 ஏக்கருக்கு மேல், அக்காலத்தில் திராட்சை இருந்ததாகக் கணக்கிடுவர். ஆனால் அண்டை வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்கு வர நாளாகவில்லை. 1879-இல் பூச்சி கட்டலோனிய எல்லைக்குள் நுழைந்தது. 1893-ஐ ஒட்டிப் பிரியோராட்டை அடைந்தது. நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த தோட்டங்கள் சில ஆண்டுகளில் விறகாயின.

இதற்கு மாற்றுக் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் காட்டுக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கவல்லது. அவ்வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினால், வேர் அமெரிக்காவினதாகவும் பழம் ஐரோப்பாவினதாகவும் அமையும். ரப்பர்த் தோட்டங்களில் ஒட்டுக்கன்று வளர்ப்பதைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். உலகத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்றும் ஒட்டு வேரில் நிற்பவையே.

மாற்று மருந்து இருந்தும் பிரியோராட் முழுமையாக எழவில்லை. ஒட்டுக் கன்றுக்குப் பணம் வேண்டும். காய்ப்புக்கு வரும்வரை சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். சமவெளி உழவர் கடன் வாங்கி மீண்டும் நட்டனர். கழுதைக்கும் கால் வைக்க அஞ்சும் சரிவில் மறுபடி நட எத்தனை பேரால் இயலும்? இயன்ற சிலர் நட்டனர். இயலாதவர் ரேயுஸ், பார்சலோனா முதலிய நகரங்களின் ஆலைகளுக்குச் சென்றனர். பெல்முண்ட் ஊரின் ஈயச் சுரங்கம் சிலருக்கு வேலை தந்தது. அதுவும் 1972-இல் மூடப்பட்டது.

பெயரில்லாத மது

எஞ்சியோர் கூட்டுறவுச் சங்கங்களை நாடினர். தனித்தனியே ஆலை வைக்க வழியற்ற சிறு உழவர்கள் பழத்தை ஒரே இடத்தில் கொட்டி, பொதுவில் மது வடித்து, எடைக்கு ஏற்பப் பணம் பெற்றனர். ஃபால்செட் ஊரில் 1919-இல் எழுந்த கூட்டுறவுக் கட்டடத்தை வடிவமைத்தவர் செசார் மார்ட்டினெல். பார்சலோனாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌடியின் மாணவர் அவர். உயர்ந்த வளைவுகளோடு விளங்கும் அத்தகைய கட்டடங்களை ‘மதுக் கோயில்கள்’ என்று மக்கள் அழைப்பதுண்டு.

கூட்டுறவு அவர்களைப் பட்டினியிலிருந்து காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. எடைக்கே பணம் என்றால், ஒரு கொடிக்கு ஒரு கிலோ தரும் சரிவுக்கும், ஐந்து கிலோ தரும் சமவெளிக்கும் கிலோவுக்கு ஒரே விலை. உழைப்போ, சரிவில் பல மடங்கு. வடித்த மதுவும் புட்டியில் அடைபட்டுத் தன் ஊர்ப் பெயரோடு விற்பனைக்குப் போகவில்லை. பெரும்பகுதி பீப்பாயிலும் தொட்டி வண்டியிலும் வெளியூர் சென்று, நிறமும் வலிவும் குன்றிய வேறு மதுக்களோடு கலந்தது. பிரியோராட்டின் சுவையைப் பருகியோர் பலர். அது பிரியோராட்டினது என்று அறிந்தோர் சிலர்.

1954-இல் பிரியோராட் என்னும் பெயருக்குச் சட்டக் காப்பு கிடைத்தது. அப்பகுதியில் விளைந்த பழத்திலிருந்து, வகுத்த முறைப்படி வடித்த மதுவே அப்பெயரைத் தாங்கலாம் என்று விதிக்கப்பட்டது. பெயர் காக்கப்பட்டது, அப்பெயரைக் கேட்டு வாங்குவோர்தாம் இல்லை. 1970-களின் இறுதியில் 5,000 ஹெக்டராக இருந்த திராட்சை 600 ஹெக்டரை ஒட்டிச் சுருங்கிவிட்டது. ஸ்காலா தேயி ஊரில் 1974-ஆம் ஆண்டு விளைச்சலைப் புட்டியில் அடைத்து ஊர்ப் பெயரோடு விற்கும் முயற்சி தொடங்கியது. அது ஒரு தொடக்கமே.

ஓர் ஆலை, ஐந்து பெயர்கள்

1979-இல், ரேனே பார்பியே என்பவர் கிராடல்யோப்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில் நிலம் வாங்கினார். பிரான்சிலிருந்து வந்து கட்டலோனியாவில் தங்கிய மதுத் தொழில் குடும்பத்தவர் அவர். சியுரானா ஆற்றை நோக்கி அரைவட்டமாகச் சரியும் ஒரு மலைப்பக்கம் அவர் தேர்ந்த இடம். அதற்குக் ‘கிளோஸ் மொகடோர்’ என்று பெயரிட்டார். கிளோஸ் என்பது பிரெஞ்சு மொழியில் வேலியிட்ட தோட்டத்தைக் குறிக்கும்.

அவரைச் சுற்றி ஒரு சிறு குழு சேர்ந்தது. ரியோகா வட்டாரத்து மதுக் குடும்பத்தில் பிறந்து பிரான்சில் பயின்ற இளைஞர் ஆல்வாரோ பலாசியோஸ் ஒருவர். கார்லெஸ் பஸ்த்ரானா, தாப்னே குளோரியான் ஆகியோரும் வந்தனர். ஆசிரியர்கள் குறித்துக் கொள்ளத்தக்க மற்றொருவர் ஜோசப் யூயிஸ் பெரெஸ். அவர் உயிரியல் ஆசிரியர். ஃபால்செட் ஊரில் பணியாற்ற வந்தவர், அங்கே திராட்சை வளர்ப்பையும் மதுத் தொழிலையும் கற்பிக்கும் பள்ளி அமைய முன்னின்றார். தந்தையின் நிலத்தைவிட்டு ஓடுவதே முன்னேற்றம் என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, அந்நிலத்தையே பாடமாக்கிக் காட்டியது அப்பள்ளி.

குழுவினரிடம் பெரும்பணம் இல்லை. ஆகவே 1989-ஆம் ஆண்டு விளைச்சலைக் கிராடல்யோப்ஸில் ஒரே ஆலையில் ஒன்றாக வடித்தனர். ஒரே மதுவைப் பங்கிட்டு ஐந்து பெயர்களில் புட்டியில் அடைத்தனர்: கிளோஸ் மொகடோர், கிளோஸ் தொஃபி, கிளோஸ் எராஸ்முஸ், கிளோஸ் மார்ட்டினெட், கிளோஸ் தெ லொபாக். சில ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தத்தம் ஆலையை அமைத்துப் பிரிந்தனர். பகையால் பிரியவில்லை, கால் ஊன்றியதால் பிரிந்தனர்.

அவர்கள் செய்த மாற்றம் யாது? கைவிடப்பட்ட முதிர்ந்த கொடிகளின் பழத்தைத் தேடி வாங்கினர். எடையைப் பெருக்குவதை விடுத்து, நன்கு பழுத்ததை மட்டும் கையால் பறித்தனர். தூய்மையான ஆலையில் வடித்துப் புதிய ஓக் மரப் பீப்பாயில் முதிரவைத்தனர். காபர்னே, சிரா முதலிய பிரெஞ்சு இனங்களையும் நட்டுப் பார்த்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, புட்டியின் மேல் தோட்டத்தின் பெயரை எழுதினர். 1990-களில் வெளிநாட்டு மதிப்பீட்டாளர் அம்மதுவைப் புகழ, விலை ஏறியது. பலாசியோஸ் 1993 முதல் வெளியிட்ட ‘லெர்மிதா’, முதிர்ந்த கர்னாச்சாக் கொடிகள் நிறைந்த ஒரு சிறு சரிவின் மது. ஸ்பெயினின் மிக விலையுயர்ந்த மதுக்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

இவ்வெழுச்சியைப் புதியவர் ஐவரின் சாதனையாகவே கூறுவது வழக்கம். அது பாதி உண்மை. அவர்கள் தேடி வாங்கிய பழம், வருவாய் இல்லாத காலத்திலும் பாட்டன் நட்ட கொடியைப் பிடுங்காமல், ஆண்டுதோறும் கவாத்துச் செய்து வந்த உழவர்களின் பழம். எழுபது எண்பது ஆண்டுக் கொடியை எந்தப் பணத்தாலும் ஓராண்டில் உண்டாக்க இயலாது. தங்கியவரின் பொறுமையும் வந்தவரின் கல்வியும் சேர்ந்த இடத்தில்தான் அந்த மது பிறந்தது.

சிறிய ஆலையின் ஓராண்டு

கிளோஸ் மொகடோர் இன்றும் ஒரு குடும்பத்தின் சிறிய ஆலையே. இத்தகைய ஆலைகளின் ஆண்டு, குளிர்காலக் கவாத்தில் தொடங்குகிறது. இலையுதிர்ந்த கொடியை ஓரிரு கண் விட்டு வெட்டுவர். பழைய கொடிகள் கம்பியில் படராமல் தனித்தனிச் செடியாக, குட்டையாக நிற்கும். இளவேனிலில் களை நீக்க உழ வேண்டும். இழுவை இயந்திரம் ஏற முடியாத சரிவுகளில் இன்றும் கோவேறு கழுதை ஏர் இழுப்பதைக் காணலாம்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அறுவடைக் காலம். கர்னாச்சா முன்னும் கரின்யேனா பின்னும் பழுக்கும். பறித்த பழத்தைத் தரம் பிரித்து, காம்பு நீக்கி, தோலோடு தொட்டியில் இடுவர். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு சாராயச் சத்தாக மாற்றும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் மதுவில் ஒரு விழுக்காடு சாராயச் சத்து உண்டாகும். இங்குள்ள பழத்தில் லிட்டருக்கு 250 கிராமுக்கு மேலும் சர்க்கரை சேர்வதால், 14, 15 விழுக்காடு எளிதில் எட்டும். முற்காலத்தில் வணிகர் இதனைக் கலப்புக்கு நாடியதன் காரணமும் இதுவே. நொதித்தல் முடிந்ததும் பிழிந்து, பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் வைத்து, பின் புட்டியில் அடைப்பர். இன்று இறக்கிய பழம் வாங்குவோர் கைக்குச் சேர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் செலவு மட்டுமே உண்டு, வரவு இல்லை. சிறு உழவர் ஏன் பழத்தை உடனே எடைக்கு விற்றனர் என்பதை இதனால் உணரலாம்.

பெயரும் மொழியும்

2000-ஆம் ஆண்டில் கட்டலோனிய அரசு பிரியோராட்டுக்கு மிக உயர்ந்த தரநிலையை வழங்கியது. ஸ்பெயின் நடுவண் அரசு 2009-இல் அதனை உறுதி செய்தது. ஸ்பெயினில் அத்தகுதியைப் பெற்று விளங்கும் வட்டாரங்கள் இரண்டே: 1991-இல் பெற்ற ரியோகா ஒன்று, பிரியோராட் மற்றொன்று. ஒரு ஹெக்டரில் 6,000 கிலோவுக்கு மேல் விளைவித்தல் கூடாது என்பது பிரியோராட்டின் விதிகளுள் ஒன்று. மலைச்சரிவின் தோட்டங்கள் பல அந்த அளவை எட்டுவதே இல்லை.

ஸ்பானிய மொழியில் இவ்வட்டாரம் ‘பிரியோராத்தோ’. 1939 முதல் 1975 வரை நடந்த பிராங்கோவின் ஆட்சியில் கட்டலான் மொழி பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒடுக்கப்பட்டது. அந்நிலை நீங்கிய பின் ‘பிரியோராட்’ என்னும் கட்டலான் வடிவமே புட்டியில் இடம்பெற்றது. தரநிலையின் பெயரைக்கூட ரியோகா ஸ்பானிய மொழியிலும், பிரியோராட் கட்டலான் மொழியிலும் எழுதுகின்றன. சட்டம் ஒன்று, சொல் இரண்டு.

வட்டாரப் பெயரோடும் நிற்கவில்லை. தனித்தோட்டத்துக்குரிய சிறப்புத் தகுதியைக் கிளோஸ் மொகடோர் 2006-இல் பெற்றது. பின்னர், பழம் விளைந்த ஊரின் பெயரைப் புட்டியில் எழுதும் ‘ஊர் மது’ என்னும் வகை அமைந்தது. அண்மை ஆண்டுகளில் ஊருக்குள் நிலப்பகுதி, நிலப்பகுதிக்குள் சிறப்புத் தோட்டம் என்று படிப்படியான பகுப்பு வந்துள்ளது. உழவர் வாயில் மட்டும் வழங்கிய காட்டுப் பெயர்களும் மேட்டுப் பெயர்களும் இதனால் சட்டப் பதிவில் ஏறின. பீப்பாயில் பெயரின்றிப் போன மது, இன்று தன் மேட்டின் பெயரையும் சொல்லிச் செல்கிறது.

தீராத வினாக்கள்

இன்று திராட்சை நிலம் ஏறக்குறைய 2,000 ஹெக்டராக வளர்ந்துள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் உள்ளன. மூடிய வீடுகள் சில திறந்தன. ஆயினும் எல்லாம் நிறைவு எனக் கூற இயலாது. வட்டாரம் முழுவதிலும் வாழ்வோர் ஒன்பதாயிரம் பேரை ஒட்டியே. புகழ் வந்தபோது, பணம் படைத்தோர் மலையை இயந்திரத்தால் வெட்டி அகலமான படிகளை அமைத்தனர். இழுவை இயந்திரம் செல்ல அது வசதி. ஆனால் வெட்டிய சரிவில் மழை மண்ணை அரிக்கிறது. பழைய உழவர் படியமைக்காமல் சரிவிலேயே நட்டதும், கல்லடுக்கிச் சிறு படி கட்டியதும் அறியாமை அன்று என்பது இப்பொழுது விளங்குகிறது. பிரெஞ்சு இனங்களின் மீதிருந்த மோகமும் தணிந்து, வறட்சி தாங்கும் கர்னாச்சாவுக்கும் கரின்யேனாவுக்கும் மீண்டும் மதிப்பு வந்துள்ளது.

அம்மதிப்பைக் கட்டாயமாக்கியது வானிலை. 2021 முதல் 2024 வரை கட்டலோனியாவைக் கடும் வறட்சி வாட்டியது. 2024 பிப்ரவரியில் பார்சலோனா வட்டாரத்துக்கு அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பிரியோராட்டில் விளைச்சல் பெரிதும் சரிந்தது, கொடிகளும் பட்டன. நீரைப் பற்றி நெடுநாள் வழக்கொன்றும் உண்டு. சியுரானா ஆற்றின் அணையிலிருந்து நீர் மலைக்கு அப்பால் கடற்கரைச் சமவெளிக்குத் திருப்பிவிடப்படுகிறது. அங்குள்ள வயல்களும் ரேயுஸ் நகரும் அதனால் பயன்பெறுகின்றன. தங்கள் ஆறு வறண்டு கிடப்பதை எதிர்த்துப் பிரியோராட் மக்கள் குரல் எழுப்பி வருகின்றனர். பழத்தின் பெயரை மீட்டவர்களுக்கு ஆற்றின் நீரை மீட்பது எளிதாக இல்லை.

உயர்ந்த விலை யாரைச் சேர்கிறது என்பதும் கேட்கத்தக்க வினா. புட்டி அடைப்பவர் கையில் பெயர் இருக்கிறது. பழம் மட்டும் விற்பவர் கையில் இன்னும் எடைதான் இருக்கிறது. ஆகவேதான் கூட்டுறவுச் சங்கங்களும் தம் மதுவைத் தாமே புட்டியில் அடைத்து, ஊர்ப் பெயரோடு விற்கத் தலைப்பட்டுள்ளன. உழவர் மகனும் மகளும் தொழிற்பள்ளியில் பயின்று, தந்தையின் இரண்டு மூன்று ஹெக்டரைக் கொண்டு சிறு ஆலை தொடங்குவதும் நடைபெறுகிறது.

வளம் என்பது நிலத்தில் மட்டும் இல்லை என்பதைப் பிரியோராட் காட்டுகிறது. அதே கல், அதே சரிவு, அதே கொடி நூறாண்டுக்குள் பஞ்சத்தையும் தந்தன; புகழையும் தந்தன. இடையில் வந்தவை மூன்று: கொடியைக் கைவிடாதவரின் உழைப்பு, அவ்வுழைப்பின் அருமையை அறிந்த கல்வி, விளைந்த இடத்தின் பெயரைக் காத்த சட்டம். மலையில் இன்றும் நிற்கும் முதிர்ந்த கொடிகளுக்கு இம்மூன்றும் தொடர்ந்து வேண்டும். அவற்றோடு சிறிது மழையும் வேண்டும்.